இடமிருந்து நாலாவது

காளியாயி முந்தானை ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி நீட்டினாள். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள்.

இருதயநாதன் அவற்றைத் தெர்மாமீட்டரில் கட்டினான். கீழே அறுபத்தைந்தில் சிவப்பு. மேலே எழுபத்தெட்டில் மஞ்சள். அவளுக்கு எண் படிக்க வராது. தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவன் செய்த யோசனை இது.

சனிக்கிழமை மத்தியானம். கெமிஸ்ட்ரி லேபில் அவர்கள் இரண்டு பேர்தான். பட்டப்பகலிலும் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஐந்து மாசமாகவே இருதயநாதனுக்கு இந்தப் பழக்கம்.

அவன் அந்தக் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர். அவள் புருஷன் மருதை பதினெட்டு வருஷம் அதே லேபில் அட்டெண்டராக இருந்தவன். செத்து ஐந்து மாசம் ஆகிறது.

நேற்றுத்தான் பெட்டியில், காக்கிச் சட்டைக்கு அடியில், ஒரு பழைய மருந்து பாட்டில் கிடைத்ததாம். பாதி பாட்டில், தண்ணீர் மாதிரி. மடியில் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

ஊரெல்லாம் மதுவிலக்கு. கள்ளச்சாராயத்தை மருதை கையாலும் தொடமாட்டான். சனிக்கிழமைதோறும் லேப் ஆல்கஹாலில் கொஞ்சம் அந்த பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போவான். இருதயநாதனுக்கு அது தெரியும். தங்கமான மனுஷன், போகட்டும் என்று விட்டிருந்தான்.

கடைசி சனிக்கிழமை காலையில் காளியாயி புருஷனைப் பார்த்து, இதுக்கு விஷத்தைக் குடிச்சுச் செத்துத் தொலை என்று கத்தியிருக்கிறாள். வாய்க்கு வந்த பேச்சுதான், எந்த வீட்டில் பேசவில்லை? திங்கட்கிழமை நடுப்பகலில் மருதை, விளக்கை ஏத்து புள்ள, இருட்டிப்போச்சு என்றான். பார்க்கப் போயிருந்த இருதயநாதனும் அப்போது பக்கத்தில்தான் நின்றான். மறுநாள் மருதை போய்விட்டான்.

அவன் குடித்தது வழக்கமான சரக்கா, விஷமா? காளியாயிக்கு அது தெரிந்தாக வேண்டும். தெரியாமல் அவளுக்குத் தூக்கம் இல்லை.

இருதயநாதன் சொல்லியிருந்தான். எல்லாத் திரவத்துக்கும் ஒரு கொதிநிலை உண்டு. எவ்வளவு தீ வைத்தாலும் கொதிக்கும்போது பாதரசம் அங்கேதான் நிற்கும். குடிக்கிற ஆல்கஹால் என்றால் மஞ்சள் நூலில். அதற்குக் கூடப்பிறந்தது போல இன்னொரு ஆல்கஹால் இருக்கிறது. பார்வைக்கும் வாசத்துக்கும் வித்தியாசமே தெரியாது. முதலில் கண்ணைப் பறிக்கும், அப்புறம் உயிரை. அது என்றால் சிவப்பு நூலில்.

ரெங்கநாதா, மஞ்சள்ல நிக்கட்டும் என்று காளியாயி முணுமுணுத்தாள். இருதயநாதனும் மாதாவிடம் அதையேதான் கேட்டான். அவளைவிட ஒரு படி அதிகமாகவே கெஞ்சினான்.

பாட்டிலில் இருந்ததைக் குடுவையில் ஊற்றி, தெர்மாமீட்டரைச் செருகி, வெந்நீரில் இறக்கினான்.

ஐம்பது. அறுபது.

பாதரசம் சிவப்பு நூலைத் தொட்டது. நின்றது.

அவன் தீயைக் கூட்டினான். குடுவைக்குள் தளதளவென்று கொதித்தது. ஏறித் தொலையேன் என்று பல்லைக் கடித்தான். அது ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

காளியாயி ரொம்ப நேரம் சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினெட்டு வருசம் இங்கயே கெடந்த மனுசனுக்கு எது வெஷம்னு தெரியாதா, சார்? தெரிஞ்சேதான் எடுத்துக் குடிச்சிருக்காரு. நான் சொன்னேன், அவரு செஞ்சுட்டாரு."

அப்படி இல்லம்மா என்று இருதயநாதனுக்கு வாய் வரைக்கும் வந்தது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்று ராத்திரி அவள் தூங்குவாள். சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும். அவன் அடுப்பை அணைத்தான்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவன் திரும்பி ஷெல்ஃபைப் பார்த்தான். எல்லாம் ஒரே மாதிரிப் பழுப்பு பாட்டில்கள். லேபிளெல்லாம் இங்கிலீஷ். மருதைக்கு ஒரு எழுத்தும் தெரியாது, இடம்தான் அடையாளம். அவனுடைய பாட்டில் இடமிருந்து நாலாவது. பதினெட்டு வருஷமாக அது இடம் மாறியதே இல்லை.

மருதையின் கடைசி சனிக்கிழமைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, இன்ஸ்பெக்ஷன். மருதை இரண்டு நாள் லீவில் துறையூர் போயிருந்தான். வருகிறவர்கள் பார்த்து மெச்சட்டும் என்று, வியாழக்கிழமை சாயங்காலம் இருதயநாதன்தான் பாட்டில்களைக் கொதிநிலை வரிசையில் மாற்றி அடுக்கினான். குறைந்தது முதலில். ஈதர் முப்பத்தைந்து. அசிட்டோன் ஐம்பத்தாறு. குளோரோஃபார்ம் அறுபத்தொன்று.

நாலாவது, அறுபத்தைந்து.

மெச்சத்தான் செய்தார்கள். அந்தச் சந்தோஷத்தில், சனிக்கிழமை வேலைக்கு வந்த மருதையிடம் சொல்ல மறந்துபோனான்.