ஹேங் ஆன்

உள்பக்கக் கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

மீன் பெட்டிகள் அடுக்கும் ஃப்ரீசர் அறை. விடுமுறை நாள். வெளியே ஆள் கிடையாது. கதவை ஓங்கிக் குத்தினார். சத்தம் உள்ளேயே விழுந்தது.

ஒல்லி உடம்பை வைத்து அவருக்கு அங்கே 'சுக்கு' என்று பெயர். குளிரைத் தாங்கக் கொஞ்சம் சதையாவது வேண்டும். அது அவரிடம் இல்லை.

கடவுளே என்று கதவில் நெற்றியை வைத்தார். அந்த இடத்தில்தான் போனில் சிக்னலுக்கு உயிர் வந்தது.

அந்த வெளிநாட்டின் அவசர உதவி எண்ணில் ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் படபடத்தது. சுக்கு ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "தமிழ்! தமிழ்!"

சற்று நேரத்தில் ஒரு பெண்குரல் வந்து சேர்ந்தது.

"வணக்கம் ஐயா. நான் மொழிபெயர்ப்பாளர். அவர் சொல்றதை அப்படியே உங்களுக்குச் சொல்வேன், நீங்க சொல்றதை அப்படியே அவருக்கு. நானா எதுவும் பேசக்கூடாது."

"பேசாட்டி பரவாயில்ல தங்கச்சி, கேட்டுக்கோ. என்னை மீனோட மீனா உள்ள வெச்சுப் பூட்டியாச்சு. விலைதான் இன்னும் ஒட்டலை."

அறை எங்கே, கதவு எப்படி என்பதோடு அதையும் அவள் மொழிபெயர்த்தாள். அந்த மனிதர் சிரிக்கவில்லை. தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது என்றார். பிறகு, "ஹேங் ஆன்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கன்னு சொல்றார் ஐயா."

அந்தச் சொல் சுக்குவுக்கும் தெரியும். மேலாளர் போனை எடுத்ததும் அதைச் சொல்லித்தான் காக்க வைப்பார். பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுபவர் வளைவில் திரும்பும்போது அதைத்தான் கத்துவார்; அப்போது பின்னால் தொற்றி நிற்பவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கூரை விசிறிகள் பேரிரைச்சலோடு சுற்றத் தொடங்கின. ஆங்கிலக் குரல் அதில் அமுங்கிப்போனது. அவள் குரல் மட்டும் காதில் நின்றது.

"தாக்குப்பிடிங்கன்னு சொல்றார்."

மீசையில் பனி பூத்தது. விரல்கள் வேறு யாருடையவோ போல இருந்தன.

"வண்டி எங்க வருதாம்?"

அவள் ஆங்கிலத்தில் இரண்டு முறை எதையோ கேட்டாள்.

"அதைச் சொல்லலைங்க. மனசை விட்டுடாதீங்கன்னு சொல்றார்."

ஒரு பெட்டி கண்ணில் பட்டது. உட்கார்ந்தால் சுகமாக இருக்கும் போலிருந்தது. குளிர்கூட இப்போது அவ்வளவாகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சிறிது நேரத்தில் அந்தப் பயமும் போய்விட்டது.

"உட்காரப் போறேன் தங்கச்சி."

"வேண்டாம்ணே! உட்காரக் கூடாதாம். நின்ன இடத்துலயே நடக்கணுமாம். காலைத் தரையில உதைக்கணுமாம், எனக்குக் கேக்கற மாதிரி... அவருக்குக் கேக்கற மாதிரி."

உதைத்தார்.

"பிள்ளைங்க இருக்கான்னு கேக்கறார்."

"ஒரு பொண்ணு. சரியான வாயாடி."

"நீங்க இப்படி மாட்டிக்கிட்டது தெரிஞ்சா எப்படித் திட்டுவாங்கன்னு கேக்கறார்."

சுக்கு மகளைப் போலத் தன்னையே திட்டிக்கொண்டார். நாக்கு குழறியது.

"கேக்கலையாம். இன்னும் சத்தமா திட்டச் சொல்றார்."

திட்டினார். முகம் தெரியாத ஒருவருக்குத் தன்மேல் இவ்வளவு கரிசனமா என்று அந்த நிலையிலும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"விட்டுடாதீங்கண்ணே. கெட்டியா பிடிச்சுக்குங்க. இருங்க. இருந்துடுங்கண்ணே."

"எல்லாம் அந்த ஒரு வார்த்தைதானா தங்கச்சி?"

"ஆமாண்ணே." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எல்லாமே அதுதான்."

கதவின் விளிம்பில் தீப்பொறி பறந்தது. இரும்பு கிறீச்சிட்டது. வெளிச்சத்தோடு நாலைந்து கைகள் உள்ளே வந்தன.

கம்பளிக்குள் அவரைச் சுருட்டி உட்காரவைத்ததும், தீயணைப்பு அதிகாரி போனை வாங்கி ஒலிபெருக்கியில் போட்டார். ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகக் கேட்டார்.

மறுமுனையில் அவள் குரல், மிகவும் சின்னதாக.

"ஐயா... இவர் சொல்றார்: வண்டி அனுப்பின கொஞ்ச நேரத்துலயே அவசர எண்ல பேசின எங்க ஆளோட லைன் அறுந்துபோச்சு. திரும்பக் கிடைக்கவே இல்லை. அப்படின்னா, இவ்வளவு நேரம் உங்ககிட்ட யார் பேசிக்கிட்டிருந்தாங்கன்னு கேக்கறார்."

அவள் வேலைக்கே உலை வைக்கும் கேள்வி அது. அதை அவளேதான் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

சுக்கு ஒரு கணம் கண்ணை மூடினார். உதடுகள் இன்னும் சரியாக ஒட்டவில்லை.

"சொல்லும்மா. பேசச் சொன்னவர் கடைசி வரைக்கும் எங்ககூடவேதான் இருந்தார்னு சொல்லு."

அதை ஆங்கிலத்தில் சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.