பின் ஜன்னல்

துணிக்கூரை போட்ட அந்தக் காரின் பிளாஸ்டிக் ஜன்னல்களெல்லாம் கீறல் விழுந்து வெளுத்திருந்தன. ஓட்டி வந்த வசுமதி பட்டறைக்குள் நிறுத்தியும் இறங்காமல் பின்சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள்.

“பின் ஜன்னலை மட்டும் தேய்ச்சுக் குடுங்கண்ணே. அவன் வர்றானான்னு எனக்குத் தெரியணும்.”

இருதயராஜ் பாலிஷைத் தடவித் தேய்க்கத் தேய்க்க, உள்ளங்கையளவு வட்டம் தெளிந்தது. அதில் தெரிந்த அவள் கண்கள் அவரைத் தாண்டித் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தன. சட்டென்று அவள் சீட்டுக்கடியில் சரிந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பைக் வந்து நின்றது.

“இதுல வந்த பொண்ணு எங்கே?”

“வண்டியை விட்டுட்டு அப்பவே போயிடுச்சு,” என்றார், திரும்பாமலே.

செருப்புச் சத்தம் நெருங்கியது. இருதயராஜ் உப்புத்தாளை எடுத்து, தெளிந்த வட்டத்தின்மேல் அழுத்தி, பரபரவென்று கீறத் தொடங்கினார்.