வெட்டிய இரண்டு நிமிடம்

பழைய நகைச்சுவைத் தொடர்களின் படச்சுருளில் இரண்டு நிமிடத்தை வெட்டி விளம்பரத்துக்கு இடம் பண்ணுவதுதான் அந்த ஒஹையோ டிவி நிலையத்தில் லைலின் வேலை. செவ்வாய்க்கிழமை எபிசோடில் பேஸ்பால் வீரர் வெண்டல் விருந்தாளியாக வருவார். அவர் விடைபெற்றுக் கதவைத் திறந்து போகும் காட்சியை லைல் வெட்டினான்.

புதன்கிழமை அதே தொடரில் வேறு எபிசோட். அதிலும் சாப்பாட்டு மேசையில் வெண்டல் உட்கார்ந்திருந்தார். தொடரில் வரும் குடும்பத்தில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. வியாழக்கிழமை அவருக்குத் தாடி முளைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் மனைவி இர்மா போன் செய்தாள்.

"தம்பி, செவ்வாக்கிழம சோபால உக்காந்து தன் எபிசோடத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. நான் காபி எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஆளக் காணோம். இப்ப டிவிக்குள்ள இருக்காரு. மூணு நாளா அந்தக் குடும்பத்துக்காரங்க அவரு தட்டுல ஒண்ணுமே வைக்கல. அவரு வெளிய போற காட்சியத்தான் காணோம், அத ஒட்டிக் குடுத்துடுப்பா!"

"இப்பவே ஒட்டிடுறேம்மா, அழாதீங்க."

லைல் குப்பைத்தொட்டிக்கு ஓடினான். வெட்டிய துண்டுகளை முந்தின நாளே எரித்திருந்தார்கள்.

அன்று மாலை ஒளிபரப்பில் வெண்டல் எழுந்தார். கதவுப்பிடியை இரண்டு கைகளாலும் இழுத்தார். பிறகு தோளால் மோதினார். அவர் மோதிய ஒவ்வொரு முறையும் தொடரில் பதிவாகியிருந்த பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.