வெளிச்சம் பட்ட செங்காந்தள்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜெயசுதாவுக்கு வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வந்துவிடும். அவள் கணவன், ஓவிய வாத்தியார் ஜெயசீலன், பழைய பிலிம் கேமராவை மாட்டிக்கொண்டு சிறுவாச்சூர்ப் பக்கம் காட்டுப்பூக்களைப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவான். கூடவே, அதே பள்ளிக்கூடத்துத் தாவரவியல் டீச்சர் லீலா மேரி.

"போன்ல எடுத்தா ஆவாதாங்க?"

"பிலிம்ல எடுத்தாத்தான் செங்காந்தளோட செவப்பு அப்படியே வருமாம், சுதா. டீச்சர் புக்கு போடுறாங்கல்ல, அதுக்கு."

ஜெயசுதாவை அவன் கடைசியாகப் படம் எடுத்தது ரேஷன் கார்டுக்கு.

அந்த ஞாயிறு மாலை அவன் திரும்பி வந்து குளிக்கப் போனதும், கேமராவின் பின்மூடியைத் திறந்தாள். பிலிமை நீளமாக உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பூவைக் காணோம். வெறும் பழுப்பு நாடா.

படமே எடுக்கவில்லை என்றால், காலையிலிருந்து அங்கே இரண்டு பேருக்கும் என்ன வேலை?

பொருமலோடு பிலிமைச் சுற்றி உள்ளே வைத்து மூடினாள்.

மறுவாரம் ஸ்டூடியோவிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான் ஜெயசீலன்.

"கேமரா பழசாயிடுச்சு சுதா. கழுவுறதுக்கு முன்னாடியே உள்ள வெளிச்சம் பூந்து ரோலு பூரா வீணாப்போச்சு. செங்காந்தள் இனிமே அடுத்த ஐப்பசியிலதான் பூக்கும்."

ஜெயசுதாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. "அப்ப இத்தோட விட்டுருங்க."

"எப்படி விடுறது? டீச்சருக்குச் சொந்த ஊரு நாகர்கோவிலுக்கே மாறுதல் வந்துருந்துச்சு. நாளைக்குக் கிளம்பறதா இருந்தாங்க. அந்தப் பூவை எடுக்காம போவமாட்டேன்னு மாறுதலையே வேணாம்னுட்டாங்க."