மூத்தது

பவளப் பொந்தின் வாசலில் கைவலையை விரித்துப் பிடித்தபடி அவள் அசையாமல் கிடந்தாள். மேலே படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக்குழாய் வாயில் இருந்தது.

பொந்துக்குள் நான்கு ஏஞ்சல் மீன்கள். விரல் நீளம்கூடக் கிடையாது. ஆரஞ்சு உடம்பு, ஓரமெல்லாம் நீலம். பாறையில் படிந்த பாசியைக் கொறித்துக்கொண்டிருந்தன.

இந்தக் கூட்டத்தின் ஒரே ஆணைப் போன மாதம் பிடித்ததும் அவள்தான். ஆணுக்குத்தான் நிறம் தூக்கல். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

இப்போது பெண்களில் மூத்தது ஆணாகிக்கொண்டிருந்தது. இந்த மீன்களின் பிறவிக்குணம் அது. நீலம் ஏறிவிட்டது. மற்றவற்றை விரட்டி மேய்க்கிறது. அந்தி சாயும்போது ஜோடியோடு மேலெழும்பி முட்டை விடுவதெல்லாம் இனி அதற்கில்லை.

அண்ணனும் இதே வேலைதான் பார்த்தான். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தவன், உயிரோடு கரை சேரவில்லை.

அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்றே அம்மா அவன் வலையை எடுத்து இவள் கையில் கொடுத்தாள். "இனிமே இந்த வீட்டுக்கு ஆம்பளையும் நீதான், பொம்பளையும் நீதான்."

அப்பா இல்லாத வீடு. கீழே இரண்டு தங்கைகள். அவள் வலையை வாங்கிக்கொண்டாள்.

ஆனால் இப்போது மனசு தண்ணீரில் நிற்கவில்லை. படகு எஞ்சின் பழுது பார்ப்பவன், அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன், இரண்டொரு நாளில் அம்மாவிடம் வந்து பேசுவதாகச் சொல்லியிருந்தான். இன்றைக்காவது வருவான்.

குச்சியால் பொந்தைத் தட்டினாள். மற்றவை உள்ளே ஒளிந்தன. மூத்தது மட்டும் எதிர்த்து வந்தது. வலையை மூடினாள். பாவம் பார்த்தால் பிழைப்பு ஓடாது.

அவசரம்தான். ஆனாலும் அண்ணனை நினைத்து மெல்ல மெல்ல ஏறினாள்.

படகிலிருந்து கை நீட்டி வலையை வாங்கிய சித்தப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"காலையில அந்தப் பையனைப் பார்த்தேன். நேத்தே வீட்டுக்கு வந்தானாம். உனக்குக் கல்யாணத்துல இஷ்டமே இல்லைன்னு சொல்லி அண்ணி அனுப்பிட்டாங்களாம். நிஜமாவே நீ அப்படிச் சொன்னியாம்மா?"

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயிலிருந்த காற்றுக்குழாயை எடுத்தாள்.

நேற்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுச் சோறு போட்டாள். தலையைக்கூடத் தடவிக்கொடுத்தாள்.

"ஆமா சித்தப்பா," என்றாள், முகமூடியைக் கழற்றாமலே. "நான்தான் சொன்னேன்."