ஆளுக்கொரு மீன்

கண்ணாடி மேஜையில் சொட்டிய ரத்தத்தைத் துடைத்துவிட்டு, "வேற டிசைன் காட்டட்டுமா சார்?" என்று கேட்டார் கடைக்காரர். வேறு என்னதான் கேட்பார், பாவம். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

ரத்தம் கல்யாணப் பெண்ணின் உதட்டிலிருந்து வந்தது. கல்யாணத்துக்கு உதவிக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தாள். அண்ணன் அந்த வாயிலேயே ஒன்று வைத்தான். அப்பா போன பிறகு அந்த வீட்டில் எல்லா முடிவையும் அவன் கைதான் எடுத்தது.

"ஓசியில வந்து நிக்கிறவங்களுக்கு டிபன் பாக்ஸ் கேக்குதா? இருக்கிறதுலயே மலிவா ஒண்ணு எடு."

"அண்ணன் சொல்றதக் கேளேன்டி. ஏன் வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிற?" என்றாள் அம்மா. வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் கூடையை இடது கையில் பிடித்திருந்தாள். அந்தக் கட்டு, போன வாரம் எதையோ தொலைத்ததற்கு மகன் கொடுத்த பரிசு.

கடைசியில் கீ செயின் என்று முடிவாயிற்று. சாவி மாட்டும் வளையத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு சின்ன மர மீன். உதவிக்கு வருகிறவர்கள் ஏழு பேர். கல்யாணப் பெண் எட்டு எடுத்தாள்.

"எட்டு எதுக்கு?"

"யாராவது விட்டுப்போயிடுவாங்கண்ணா. ஒண்ணு கூட இருக்கட்டுமே."

அவன் கை மறுபடி உயர்ந்தது. "அது ஃப்ரீ சார், என் கணக்குல இருக்கட்டும்!" என்று கடைக்காரர் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். ஃப்ரீ என்றதும் கை இறங்கிவிட்டது.

வாசலில் திரும்பி நின்று விரலை ஆட்டினான். "முன்னாடியே குடுத்துத் தொலைக்காத. கைக்கு வந்துட்டா ஒருத்தனும் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட மாட்டான். வேலை முடிஞ்ச கையோட குடு. புரியுதா?"

"புரியுதுண்ணா." உதடு வீங்கியிருந்ததால் அதுகூட அரைகுறையாகத்தான் வந்தது.

மாப்பிள்ளை அண்ணனின் தொழில் கூட்டாளி. முதல் மனைவியை மாடிப்படியில் உருட்டிவிட்டு, வழுக்கி விழுந்தாள் என்று சொன்ன புண்ணியவான். அந்தப் பெண் இன்றைக்கும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள். "அவன்கிட்டப் போனா நான் செத்துருவேன்" என்று இவள் அழுத அன்றே இவள் அறைக்கு வெளியே ஒரு பெரிய பூட்டு தொங்கியது. சாவி அண்ணன் இடுப்பில்.

கல்யாணத்தன்று காலையில் அவன் பூட்டைத் திறந்தபோது அறை காலி. ஜன்னல் கம்பி நெளியவில்லை, பூட்டில் ஒரு கீறல் இல்லை. கட்டிலில் கல்யாணப் புடவை மடிப்புக் கலையாமல் கிடந்தது, பக்கத்தில் கீ செயின் பெட்டி.

"ஐயோ, மானத்த வாங்கிட்டுப் போயிட்டாளே!" அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணன் பெட்டியைக் கொட்டி எண்ணினான். ஏழு மீன்கள். அடிக்கிறவனுக்கு மூளை இருக்காது என்று நினைப்பது நம் ஆசை, இவனுக்கு இருந்தது.

"ஒண்ணக் காணோம். எவனுக்கோ வேலை முடிஞ்சிருக்கு. மீன் யார்கிட்ட இருக்கோ அவங்கதான் பூட்டத் திறந்துவிட்டது."

உதவிக்கு வந்த ஏழு பேரும் இருந்த கூடத்துக்கு இரும்புக் குழாயோடு வந்து கதவைத் தாழிட்டான். மேக்கப் போட வந்த பெண்ணின் பையைத் தரையில் கவிழ்த்தான். சீப்பும் பவுடரும் சிதறின. குனிந்து பொறுக்கப்போனவளின் விரல்களைச் செருப்புக் காலால் மிதித்தான். கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட வீடியோக்காரருக்குக் கேமராவும் உடைந்தது, மூக்கும் உடைந்தது. மீன் இல்லை.

அடுத்தது பக்கத்து வீட்டு டிரைவர்.

"விடியறப்போ வண்டிய எடுத்துட்டு எங்கடா போன?"

"பூ எடுத்துட்டு வரச் சொன்னீங்களேண்ணே..."

குழாய் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சுருண்டு விழுந்தவனின் பாக்கெட்டைக் கிழித்தான். நூலில் கட்டிய கார்ச் சாவிதான் விழுந்தது. அப்போதும் அண்ணன் நம்பவில்லை.

"எங்கடா ஒளிச்சு வச்சிருக்க? சொல்லு!" நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, குழாயைக் கழுத்தில் குறுக்கே வைத்து அழுத்தினான். டிரைவரின் கால்கள் தரையை உதைத்தன. பிறகு உதைப்பதும் குறைந்தது. மீதி ஆறு பேர் சேர்ந்தால் ஒருவனைப் பிடிக்கலாம்தான். ஒருவரும் அசையவில்லை.

"விடுடா அவனை."

அம்மா. அழுகை நின்றிருந்தது. கண்ணில் ஈரம்கூட இல்லை.

"நீ போம்மா உள்ள!"

அவள் போகவில்லை. பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்து, வலது கைக் கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். கறுத்துப் போன விரல்கள் தெரிந்தன. அந்த விரல்களுக்கு நடுவிலிருந்து சிவப்பு மர மீன் ஒன்று வெளியே தொங்கியது. அதன் வளையத்தில், தொலைத்துவிட்டேன் என்று சொல்லிப் போன வாரம் அவள் அடிவாங்கிய பூட்டின் இரண்டாவது சாவி.

குழாய் தளர்ந்தது. டிரைவர் இருமினான்.

"நீ சொன்ன மாதிரியே, வேலை முடிஞ்ச கையோட குடுத்துட்டாடா."