தாயில்லாப் பிள்ளை

“இந்தப் பிள்ளையோட அம்மா எங்கே?” நியூ ஆர்லியன்ஸ் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா கேட்டார்.

“காய்ச்சல்ல செத்துட்டா எசமான்,” என்றாள், வர்ஜீனியாவிலிருந்து விற்பனைக்கு வந்திருந்த அடிமைப் பெண் கெசியா. அவள் தோளில் ஐந்து வயது ஃபீபி தூங்கிக்கொண்டிருந்தாள்.

“நீ யாரு?”

“பாவமேன்னு தூக்கிட்டு வந்தேன்.”

அப்படிச் சொன்னால் இருவரையும் ஒரே வீட்டுக்கு விற்பதாக பக்கத்தில் நின்ற அடிமை வியாபாரி ரக்கர் சத்தியம் செய்திருந்தான்.

குமாஸ்தா முத்திரை குத்தினார். “பத்து வயசுக்குள்ள இருந்தா தாயைவிட்டுப் பிரிச்சு விக்கச் சட்டம் விடாது. இது அநாதை. தனியா வித்துக்கோ.”

ரக்கர் பிள்ளையைப் பிடுங்கினான்.

“ஐயோ எசமான், நான்தான் இவளைப் பெத்தவ!”

“அம்மா செத்துட்டான்னு நீதானே சொன்னே?” என்றார் குமாஸ்தா.

ரக்கர் நீட்டிய சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு அவனிடம் சிரித்தார்.

“இந்த வாரம் இதோட நாலு அம்மாவைக் கொன்னுட்டோம்டா!”